பகலில் சோர்வு, இரவில் கால் வலி: சிறு பிள்ளை அடிக்கடி சொன்னால் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது, எடை 15 கிலோ. கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனால் பத்து நிமிடத்தில் "கால் வலிக்குது, தூக்கு" என்கிறான். வீட்டிலும் "டயர்டா இருக்கு" என்று அடிக்கடி படுத்துக்கொள்கிறான். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் அழுதுகொண்டே எழுந்து காலைப் பிடித்துவிடச் சொல்கிறான். காலையில் எழுந்ததும் வலி இருப்பதில்லை. வளர்கிற வலி என்கிறார் மாமியார். தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லி நடிக்கிறான் என்கிறார் கணவர். மருந்துக்கடையில் கால்சியம் சிரப் கொடுத்தார்கள். சாப்பாடு குறைவு, பால் என்றால் எவ்வளவு கொடுத்தாலும் குடிப்பான். நான் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு புகார்கள் கலந்து கிடக்கின்றன. இரவில் வந்து காலையில் இல்லாமல் போகிற வலி ஒன்று. பகலில் நடக்கும்போதும் வீட்டில் சும்மா இருக்கும்போதும் வருகிற சோர்வு இன்னொன்று. மாமியார் சொன்னது முதலாவதற்குப் பொருந்தலாம், இரண்டாவதற்குப் பொருந்தாது. வளரும் வலி எந்தக் குழந்தையையும் பகலில் படுக்க வைக்காது. "வளர்ற வலிதான், தானா போயிடும்" என்று இரண்டையும் சேர்த்து மூடிவிட்டு, ஆறு மாதம் ஓர் வருடம் கழித்து வெளுத்துப்போன பிள்ளையோடு வருகிற பெற்றோரைக் குழந்தை மருத்துவர்கள் எல்லோருமே பார்த்திருப்பார்கள். அதனால் இரண்டையும் தனித்தனியாகவே பார்ப்போம்.

அதற்கு முன் உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். இந்த வயதுப் பிள்ளைக்குத் தன் உடம்பைப் பற்றிச் சொல்லக் கையில் இருப்பது நாலைந்து வார்த்தைகள்தான். பசி, தூக்கக் கலக்கம், வெயில், கூட்டத்தில் பயம், புதிதாகப் பிறந்த தங்கைக்குப் போய்விட்ட மடி எல்லாமே "கால் வலிக்குது" என்று வெளியே வரக்கூடும். அதை நடிப்பு என்று சொல்ல மாட்டேன். அவனுக்கு ஏதோ முடியவில்லை என்பது உண்மை; எது முடியவில்லை என்பதைக் கண்டுபிடிப்பது நம் வேலை. இன்னொன்றும் உண்டு. நாம் ஓரடி வைக்கும் தூரத்துக்கு அவன் இரண்டடி வைக்கிறான். பிள்ளைகள் இயல்பில் கொஞ்சம் ஓடுவார்கள், நிற்பார்கள், உட்கார்வார்கள், மறுபடி ஓடுவார்கள். கையைப் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் வேகத்தில் நிற்காமல் நடப்பது அவர்களுக்கு உண்மையிலேயே கஷ்டம். ஆகவே கடைத்தெருவில் தூக்கச் சொல்வதை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன். மற்ற பிள்ளைகளோடு விட்டால் என்ன செய்கிறான்? ஒரு மணி நேரம் சளைக்காமல் ஓடிப் பிடித்து விளையாடுகிறான் என்றால் மனசுக்கு நிம்மதி. மற்றவர்கள் ஓட, இவன் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறான் என்றால் பரிசோதனை வேண்டும்.

இப்போது இரவு வலி. மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இது மிகவும் சகஜம். தெற்கு ஆஸ்திரேலியாவில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2004-ல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ 37 சதவீதம் பேருக்கு இது இருந்தது. இரண்டு கால்களிலும் வரும், அல்லது ஒரு நாள் இதில், மறுநாள் அதில் என்று மாறி வரும். தொடை முன்பக்கம், ஆடுசதை, முழங்காலுக்குப் பின்புறம் என்று சதைப்பகுதியில் இருக்கும், மூட்டில் இருக்காது. மாலையிலோ தூங்கிய பிறகோ ஆரம்பித்து, பிடித்துவிட்டால் அடங்கி, விடிந்ததும் சுவடே இல்லாமல் போகும். பகலில் நொண்டல் இருக்காது. வீக்கம், சிவப்பு, சூடு, காய்ச்சல் எதுவும் இருக்காது. ஓடியாடிய நாளின் இரவில் அதிகம் வருவதைப் பல தாய்மார்கள் கவனித்திருப்பார்கள். வளர்ச்சிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. சொல்லப்போனால், உயரம் வேகமாகக் கூடும் பருவம் இந்த வயதில் இல்லை.

இதற்குப் பிடித்துவிடுவதே முதல் மருந்து. இளஞ்சூடான நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவி, ஆடுசதையையும் தொடையையும் பத்து நிமிடம் அமுக்கிவிடுங்கள். படுக்கப் போகும் முன் காலை நீட்டச் சொல்லி, பாதத்தை மெல்ல முழங்கால் பக்கமாக மடக்கி, சில நொடிகள் அப்படியே பிடித்திருந்து பிறகு விடும் பயிற்சியும் உதவும். வலி தாங்காமல் அழுகிற இரவில் மட்டும் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு. பாட்டிலுக்குப் பாட்டில் செறிவு மாறும் என்பதால் எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் கூடாது. வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிய வலி மாத்திரையை உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது.

பிடிக்கப் போனால் சில பிள்ளைகள் தொடவே விட மாட்டார்கள், "தொடாதே" என்று கத்துவார்கள். அது வளரும் வலியின் குணம் இல்லை. தொட்டால் கூடுகிற வலியை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதேபோல, வலி என்று சொல்லாமல் "கால் குறுகுறுங்குது, பூச்சி ஊர்ற மாதிரி இருக்கு" என்று படுக்கையில் காலை உதைத்துக்கொண்டே இருந்தால், இரும்புச்சத்துக் குறைவை நினைக்க வேண்டும்.

பகல் சோர்வுக்கும் என் முதல் சந்தேகம் இரும்புச்சத்துதான். நம் நாட்டில் இதை விட்டுவிட்டு வேறு எங்கிருந்தும் தொடங்க முடியாது. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஏழை வீடு, வசதியான வீடு என்ற பேதம் இதற்கு அதிகம் கிடையாது. சாப்பாடு குறைவு, பால் அதிகம் என்று நீங்கள் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான். பாலில் இரும்பு மிகக் குறைவு. வயிற்றை நிரப்பிச் சோற்றுக்கு இடமில்லாமல் செய்துவிடும். அதிலுள்ள கால்சியம், சேர்ந்து போகிற இரும்பை உடம்பு உறிஞ்சுவதையும் குறைக்கும். இந்த வயதில் ஒரு நாளைக்கு 400, 500 மில்லிக்கு மேல் பால் வேண்டாம். சாப்பாடு இறங்கவில்லை என்ற கவலையில் ஒரு டம்ளர் கூடுதலாகக் கொடுப்பதும், அதனால் அடுத்த வேளைச் சாப்பாடும் இறங்காமல் போவதும் பல வீடுகளில் நடக்கிறது. சத்துமாவு என்று விளம்பரம் செய்யும் சர்க்கரைப் பொடிகளைப் பாலில் கலப்பதால் இது சரியாகாது.

நாக்கு, கண் கீழிமையின் உட்புறம், உள்ளங்கை வெளுத்திருக்கின்றனவா என்று பகல் வெளிச்சத்தில் உங்கள் கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மண், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு, பச்சரிசி என்று தின்கிறானா? எரிச்சலும் பிடிவாதமும் கூடியிருக்கின்றனவா? இவை இருந்தால் சந்தேகம் பலமாகிறது. ஆனால் வெளுப்புத் தெரியும் அளவுக்கு வருவதற்கு முன்பே சோர்வு தொடங்கிவிடும். ஆகவே, பார்வைக்கு நன்றாக இருக்கிறான் என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பரிசோதனை பெரிய விஷயம் இல்லை. சி.பி.சி. என்கிற முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவும் பார்த்தால் முக்கால்வாசி தெரிந்துவிடும். ஐந்து வயதுக்குள் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக்கூடாது. ஐந்திலிருந்து பதினொரு வயது வரை 11.5. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். சளி, காய்ச்சல் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும் என்பதால், உடம்பு நன்றாக இருக்கும் வாரத்தில் எடுப்பது நல்லது. அந்த சி.பி.சி. அறிக்கை இன்னொரு வேலையும் செய்கிறது. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் இயல்பாக இருக்கின்றனவா என்று அதில் தெரிந்துவிடும். பெற்றோர் வாய்விட்டுக் கேட்கப் பயப்படும் ரத்தப் புற்றுநோய்க்கான முதல் கட்டப் பார்வையும் அந்த ஒரே தாளில் கிடைக்கிறது.

குடற்புழுவையும் இங்கேயே சொல்லிவிடலாம். கொக்கிப்புழு இருந்தால் எத்தனை டானிக் ஊற்றினாலும் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாட்களை ஒட்டி அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறார்கள். இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம் ஒரே வேளை. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது விடுபட்டுப்போவது உண்டு. கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று பாருங்கள். ரத்தசோகை இல்லாத பிள்ளைகளுக்கும் அரசுத் திட்டத்தில் ஐந்து வயதுக்குள் வாரம் இருமுறை இரும்பு சிரப் 1 மில்லி, ஐந்திலிருந்து ஒன்பது வயது வரை வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை தருகிறார்கள். அங்கன்வாடியில் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

அடுத்தது தூக்கம். மூன்றிலிருந்து ஐந்து வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணி நேரம் தேவை. இரவு பத்தரைக்கு டிவி அணைந்து, காலை ஆறரைக்கு எழுப்பிப் பள்ளி வேன் ஏற்றினால் எட்டு மணி நேரம்தான் ஆகிறது. அதோடு காலையில் வெறும் பாலோடு போனால் பதினோரு மணிக்குத் துவண்டுதான் போவான். மணி நேரம் சரியாக இருந்தும் சோர்ந்தே எழுகிறானா? வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறானா? நடுவில் மூச்சு ஒரு கணம் நின்று திணறுகிறதா? மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வீங்கிய பிள்ளைகள் இரவு முழுக்கப் படுக்கையில் இருந்தாலும் தூங்கியிருக்க மாட்டார்கள். குறட்டையை ஃபோனில் பதிவு செய்து காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சரிசெய்யக்கூடிய விஷயம் இது, ஆனால் கேட்டால்தான் தாய்மார்கள் சொல்கிறார்கள்.

கால்சியம் சிரப்புக்கு வருவோம். சோர்வுக்குக் காரணம் கால்சியம் என்பது அபூர்வம். அதையும் இரும்பு மருந்தையும் ஒரே வேளையில் கொடுத்தால் இரும்பு வீணாகும். கால்சியத்தைவிட வைட்டமின் டி-யைப் பற்றி யோசிப்பது பயனுள்ளது. அடுக்குமாடி வீடு, வேன், வகுப்பறை என்று நிழலிலேயே வளரும் பிள்ளைகளுக்கு அது குறைகிறது. கால் வளைவு, மணிக்கட்டு எலும்பு புடைப்பு, தாமதமாக நடந்தது போன்றவை இருந்தால் மருத்துவர் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எழுதுவார். ஒரு வயதுக்கு மேல் தினமும் 600 யூனிட் போதுமானது. 60,000 யூனிட் பாக்கெட்டை மருந்துக்கடையில் வாங்கி வாராவாரம் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அது உடம்பில் தங்கி, ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றி, வாந்தியிலும் சிறுநீரகக் கோளாறிலும் கொண்டு விடும்.

தட்டைப் பாதத்தைப் பார்த்துப் பயப்படுபவர்களும் உண்டு. இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளின் பாதம் தட்டையாகத்தான் தெரியும். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கும்போது உட்புற வளைவு தோன்றினால் கவலை வேண்டாம், விசேஷ ஷூவும் வேண்டாம். சில பிள்ளைகளுக்கு மூட்டுகள் ரப்பர் போல வளையும். கட்டை விரலை மடக்கினால் முன்கையைத் தொடும். அவர்களுக்கு நிற்கவும் நடக்கவும் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பதால் சீக்கிரம் கால் ஓய்ந்துபோகும். நீச்சல், சைக்கிள் போன்றவற்றால் தசை பலப்படும்போது இது குறையும்.

அடுத்துச் சொல்வது ஆண் பிள்ளைகளைப் பெற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அபூர்வமானது, ஆனால் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதால் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் மகனைத் தரையில் சம்மணமிட்டு உட்காரவைத்து, எதையும் பிடிக்காமல் எழச் சொல்லுங்கள். சட்டென்று எழுந்தால் நல்லது. குப்புறத் திரும்பி, கைகளைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலில் கைவைத்து, தொடையில் கைவைத்து, தன் உடம்பின் மேலேயே ஏறுவது மாதிரி எழுகிறானா? லண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் 1879-ல் விவரித்த அறிகுறி இது. தொடை, இடுப்புத் தசைகள் பலவீனமாக இருப்பதைக் காட்டுகிறது. அதோடு மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுவது, மற்ற பிள்ளைகள் போல ஓட முடியாதது, அடிக்கடி விழுவது, நுனிக்காலில் நடப்பது, ஆடுசதை மட்டும் பருத்துத் திரண்டிருப்பது எல்லாம் சேர்ந்தால் டுஷேன் (Duchenne) தசைச்சிதைவு என்ற மரபணு நோயைச் சந்தேகிக்க வேண்டும். "பையன் கெண்டைக்கால் எவ்வளவு உருண்டை" என்று உறவினர்கள் மெச்சுகிற கால் அதுவாக இருக்கக்கூடும்.

இதற்கான முதல் பரிசோதனை சி.பி.கே. என்கிற எளிய ரத்தப் பரிசோதனை. இந்த நோயில் அது இயல்பைவிடப் பல மடங்கு, பெரும்பாலும் பத்து மடங்குக்கும் மேல் இருக்கும். கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அளவுகளும் கூடவே ஏறும். அவை தசையிலிருந்தும் வரக்கூடியவை என்பதை மறந்து, கல்லீரல் கோளாறு என்று மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்துக் காலம் போன பிள்ளைகள் உண்டு. முழுக்கக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் சரியான வயதில் ஸ்டீராய்டும் உடற்பயிற்சி சிகிச்சையும் தொடங்கினால் நடக்கும் ஆண்டுகளை நீட்டிக்க முடிகிறது. அடுத்த கர்ப்பத்துக்கு முன் தாய்க்கும், தாயின் சகோதரிகளுக்கும் மரபணு ஆலோசனை கிடைப்பதும் அதே அளவு முக்கியம். சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; வேறு சில தசை நோய்களுக்கு அந்தத் தகவல் தேவைப்படும்.

காத்திருக்கவே கூடாத நிலைமைகள் சில உண்டு. அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வருவது, எடை இறங்குவது ஆகியவற்றோடு சோர்வும் இருந்தால் அன்றைக்கே ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று பாட்டி சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். முதல் வகை நீரிழிவு சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். நேற்று வரை ஓடிய பிள்ளை இன்று கால்களை ஊன்ற முடியாமல் துவண்டால் நேராக மருத்துவமனை. பதினைந்து வயதுக்குள் யாருக்கு இப்படித் திடீரென்று கைகால் தளர்ந்தாலும் அரசுக்குத் தெரிவித்து மலப் பரிசோதனை செய்வார்கள். 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்ற பிறகும் இந்தக் கண்காணிப்பு தொடர்கிறது, பயந்துவிட வேண்டாம். சளிக்காய்ச்சல் விட்ட இரண்டாம் நாள் இரண்டு ஆடுசதையும் வலித்து நடக்க மறுப்பது பெரும்பாலும் வைரஸால் வரும் தசை அழற்சி, ஒரு வாரத்தில் சரியாகும். ஆனால் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் உடனே காட்டுங்கள்.

ஒரே இடத்தில், ஒரே காலில் வலி நிலைத்திருப்பது, நொண்டல், காலையில் எழுந்ததும் மூட்டு இறுகி அரைமணி நேரம் கழித்துத்தான் சரியாவது, மூட்டு வீக்கம், விட்டு விட்டு வரும் காய்ச்சல், காரணமில்லாத கன்றிய நீலத் திட்டுகள், கழுத்தில் கட்டி, எடை குறைவது ஆகியவற்றில் எதுவானாலும் அந்த வாரத்துக்குள் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். லுகேமியா என்கிற ரத்தப் புற்றுநோய் அதிகம் வருவது இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள். எலும்பு வலியோடு அது தொடங்குவதும் உண்டு. முறையான சிகிச்சையில் இன்று பெரும்பாலான பிள்ளைகள் குணமாகிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: காரணம் தெரியாத மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு சிரப்போ ஊசியோ போட விடாதீர்கள். லுகேமியாவை அது சில வாரங்களுக்கு மறைத்துவிடும், பிறகு நோயறிதலும் சிகிச்சையும் சிக்கலாகும்.

சரி, இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு நோட்டில் வலி வந்த நேரம், எந்தக் கால், எந்த இடம், அன்று என்ன விளையாடினான், மறுநாள் காலை எப்படி இருந்தான் என்று எழுதுங்கள். தரையிலிருந்து எழுவது, படி ஏறுவது, ஓடுவது மூன்றையும் ஃபோனில் வீடியோ எடுங்கள். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் அழுவார்கள் அல்லது அம்மா மடியை விட்டு இறங்க மாட்டார்கள். அந்த வீடியோ மருத்துவருக்குப் பெரிய உதவி. உயரமும் எடையும் எழுதிய தடுப்பூசி அட்டையையும் கொண்டு போங்கள். வளர்ச்சி நின்றிருந்தால் தைராய்டும் பார்க்கச் சொல்வார்கள்.

ரத்தசோகை என்று உறுதியானால் சிரப் பெயரைவிட அதில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதே முக்கியம். சிகிச்சைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் இரும்பு என்பது பொதுவான அளவு. உங்கள் மகனுக்கு 45 மில்லிகிராம் வரும். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில், எலுமிச்சைச் சாற்றோடோ கொய்யா, நெல்லிக்காயோடோ கொடுங்கள். பாலோடும் டீயோடும் வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பல்லில் கறை படியாமல் இருக்க நாக்கின் பின்பக்கமாக ஊற்றி, வாய் கொப்பளிக்க வையுங்கள். பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள். இனிப்பாக இருக்கிறது என்று ஒரேயடியாகக் குடித்துவிட்டால் இரும்பு கடும் விஷம். சாப்பாட்டில் ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்), மீன், முட்டை. சைவம் என்றால் கேழ்வரகு, பயறு, கொண்டைக்கடலை, கீரை. முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் கீரையிலுள்ள இரும்பு குறைவாகவே உறிஞ்சப்படும். குறைந்துபோன ரத்தத்தை அதை மட்டும் வைத்து ஏற்ற முடியாது.

ஓரிரு வாரத்தில் பசியும் முகக்களையும் திரும்புவதைப் பார்ப்பீர்கள். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறத்தாழ ஒரு கிராம் ஏறியிருக்க வேண்டும். சரியான அளவுக்கு வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சேமிப்பு நிரம்ப மேலும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். ஒழுங்காகக் கொடுத்தும் ஏறவில்லை என்றால் பாட்டிலை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். தலசீமியா கூறு (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறைபாடு), புழு, குடலில் ரத்தக் கசிவு, உறிஞ்சும் கோளாறு என்று அடுத்த கட்டமாகத் தேட வேண்டும். ஏறியும் பகல் சோர்வு குறையவில்லை என்றால் நோட்டையும் வீடியோவையும் எடுத்துக்கொண்டு மறுபடி அதே மருத்துவரிடம் போய், சி.பி.கே. பார்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள்.